செயின் சா: தேய்மானம் எது, வாரண்டி எது?

வாங்கி மூன்று மாதம் ஆகாத செயின் சா, சவுக்குத் தோப்பில் பாதி அறுப்பில் நின்றுவிடுகிறது. கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வருகிறது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) போய்விட்டது. டீலரிடம் கொண்டுபோனால், உங்கள் கதையைக் கேட்பதற்கு முன்பே மெக்கானிக் சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்ப்பார். வாரண்டி உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடும். அவர் பார்ப்பதை நாமும் பார்க்கத் தெரிந்துகொள்ளாமல் கடையில் போய் நிற்பதுதான் முதல் தவறு.

பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெடுக்குவாட்டில் கீறல் விழுந்திருந்தால், அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். பெட்ரோல் வரத்து குறைந்திருக்கலாம், ஆயில் போதாமல் இருந்திருக்கலாம். சுற்றிலும் கீறல் இருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் பளபளப்பு போய் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. மூன்றையும் டீலர் உங்கள் கணக்கில்தான் எழுதுவார்.

கடைசி இரண்டு வகையிலும் வாதாட அதிகம் இடமில்லை. முதல் வகையில் உண்டு. பெட்ரோல் வரத்து குறைந்ததுபோன்ற அதே விளைவை காற்றுக் கசிவும் உண்டாக்கும். இன்டேக் ரப்பரில் (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைப்பது) வெடிப்பு, கிராங்க் சீலில் (எஞ்சின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) கசிவு, இம்பல்ஸ் குழாயில் (எஞ்சின் அழுத்தத்தால் கார்புரேட்டரின் பெட்ரோல் பம்பை இயக்குவது) பிளவு ஆகியவற்றில் எது இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையை மெலிதாக்கும், பிஸ்டன் வெந்துவிடும். புது மெஷினில் இது தயாரிப்புக் குறையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். எனவே ‘ஆயில் கம்மி சார்’ என்ற பதிலோடு திரும்பி வராமல், பிரஷர் டெஸ்ட், வாக்யூம் டெஸ்ட் இரண்டையும் செய்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சினின் துவாரங்களை அடைத்து அரை பார் (அழுத்த அளவு) வரை காற்று ஏற்றினால் மீட்டர் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் கசிவு இருக்கிறது. கசிவைச் சரிசெய்யாமல் புது பிஸ்டனும் சிலிண்டரும் போட்டால் அதுவும் சீக்கிரமே அதே கதிக்கு ஆளாகும். அப்படிச் செய்து இரண்டாவது பில்லும் நீட்டுகிற கடைகள் உண்டு.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவுக்கு வருவோம். கையேடு 50:1 (ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்று சொன்னால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி., 5 லிட்டருக்கு 100 மி.லி. கையேடு 25:1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. ‘ரெண்டு மூடி’ என்பது அளவே அல்ல. மருந்துக்கடை அளவுக்குவளை போதும். கூடுதலாக ஊற்றினால் மெஷினுக்கு நல்லது என்ற நினைப்பும் தவறு. கரி படிந்து பிளக்கும் சைலன்சர் வலையும் அடைபடும். மெஷின் டேங்கிலேயே பெட்ரோலையும் ஆயிலையும் தனித்தனியாக ஊற்றுவது அதைவிடக் கேடு. பைக்கின் 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயிலும், படகு எஞ்சின்களுக்கான 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலும் இதற்கு ஆகாது. காற்றால் குளிரும் 2டி எஞ்சினுக்கான, ஜாசோ எஃப்டி (JASO FD, ஜப்பானியத் தரம்) முத்திரை உள்ள ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள்.

எத்தனால் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டரைக் கையால் திருகிச் சரிசெய்யும் மாடல்கள் பலவற்றின் கையேட்டில் எத்தனால் வரம்பு 10 சதவீதம் என்றுதான் இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி காலியான கேனில் வாரக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் உறிஞ்சுவது ஆயில் இல்லாத அந்த அடி அடுக்கைத்தான். சரியான அளவில் கலந்தவரின் பிஸ்டனிலும் சுற்றிலும் கீறல் விழுவது இப்படித்தான். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தை மாதக்கணக்கில் வைக்காமல் இருப்பதே வழி. வாங்கும் நாளிலேயே ‘இந்த மாடல் இ20 (20 சதவீத எத்தனால்) பெட்ரோலுக்கு ஏற்றதா’ என்று கேட்டு, பதிலை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டீலர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

மெஷினில் இழுவை இல்லை என்று கொண்டுவருவதில் பல, செயின் மழுங்கிய கேஸ்கள். கூர்மையான செயின் துருவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகத் தள்ளும். தென்னை, பனை, மண் ஒட்டிய சீமைக்கருவேல அடிமரம் மூன்றும் பல்லை வேகமாகத் தின்னும். அடிமரத்தைத் தரையோடு அறுக்கும்போது செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டாலே போதும், அன்றைய கூர் போய்விடும். சுற்றிலும் மண்ணைத் தோண்டி, பட்டையைச் சீவிவிட்டு அறுப்பது பத்து நிமிட வேலை. மழுங்கிய செயினை அழுத்தி அறுத்தால் பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கிளட்சும் எஞ்சினும் சேர்ந்தே சூடாகும்.

தீட்டுவதற்கு அரத்தின் விட்டம் முக்கியம். அது செயினின் பிட்ச்சை, அதாவது அங்குலத்தில் சொல்லும் கண்ணி இடைவெளியைப் பொறுத்தது. சிறிய மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., 0.325 பிட்சுக்கு 4.8 மி.மீ., பெரிய 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. எது என்பது செயின் உறையில் இருக்கும். பல்லுக்கு முன்னால் நிற்கும் மொட்டையான திமிலைத் தொடாமல் பல்லை மட்டுமே தீட்டிக்கொண்டு போனால், கூர் இருந்தும் கடிக்காது. திமில் பல்லின் உச்சியைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ இருக்க வேண்டும். திமிலை ஒரேயடியாக ராவிவிட்டால் செயின் வெறிபிடித்ததுபோல் கடித்து, மெஷினைக் கையிலிருந்து உதறும், ஆபத்து.

அறுப்பு நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைகிறதென்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். வலப்பக்கப் பற்களும் இடப்பக்கப் பற்களும் வேறு வேறு நீளத்தில் இருக்கலாம். அல்லது பாரின் இரு விளிம்புகளில் ஒன்று அதிகம் தேய்ந்திருக்கலாம். பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடாமல் ஒரே பக்கமாக ஓட்டினால் இரண்டாவது கட்டாயம் நடக்கும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் திருப்புங்கள், காடியைச் சுத்தம் செய்யுங்கள், விளிம்பில் பிதுங்கிய சிலும்பை ராவுங்கள். ஸ்பிராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) செயின் பதிந்த பள்ளம் அரை மி.மீ. தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அந்தச் செயின் சீக்கிரம் நீண்டு தொங்கும்.

செயின், பார், ஸ்பிராக்கெட், பிளக், ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு எதற்கும் சாதாரணமாக வாரண்டி கிடையாது. இவற்றுக்காகச் சண்டை போட்டு, உண்மையான குறைக்குப் போகும்போது டீலரின் முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

செயினுக்கு ஆயில் ஊட்டும் ஆயில் பம்ப் மட்டும் எல்லைக்கோட்டில் இருக்கும் பாகம். பம்ப் பல்சக்கரம் உடைந்தால் வாரண்டி கேட்கலாம்; ஆனால் செயின் ஆயில் டேங்கைத் திறந்ததும் லாரி செட்டில் வாங்கிய கறுப்பு வேஸ்ட் ஆயில் தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதில் உலோகத் துகள் இருக்கும், செயினில் ஒட்டும் தன்மை இருக்காது. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். வெள்ளைத் தாள் மேல் பார் நுனியை நீட்டி மெஷினை முறுக்கினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும்.

செயின் பிரேக் போட்டபடி ஆக்சிலேட்டரை அழுத்துவதும் இதே பம்பைக் கொல்லும். கிளட்ச் டிரம் சூடேறிப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் உருகும். உருகிய பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் டீலருக்குக் காரணம் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்தாமல் வைப்பது இன்னொன்று: சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

இனி கடைக்குப் போகும் முறை. உள்ளூர் பட்டறையில் ‘சும்மா ஒரு பார்வை’ என்று திறந்தாலே வாரண்டிக்கு ஆபத்து. கார்புரேட்டர் திருகின் மூடியைப் பிடுங்கி ‘ஸ்பீடு ஏத்தி’ இருந்தால் நிச்சயம் போய்விடும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா, வாரண்டி அட்டையில் முத்திரை விழுந்திருக்கிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கும் தொழில் உபயோகத்துக்கும் வாரண்டி காலம் வேறாக இருக்கலாம். வாடகைக்கு விடுவதை அறவே விலக்கும் அட்டைகளும் உண்டு.

மெஷினை ஒப்படைக்கும் முன், டேங்கில் இருந்த கலவையில் கால் லிட்டரைச் சுத்தமான உலோக டப்பாவில் எடுத்துத் தேதி எழுதி மூடி வையுங்கள். பெட்ரோல் சரியில்லை என்று பின்னால் சொன்னால் காட்டுவதற்கு இது ஒன்றுதான் சாட்சி. கடையில் போடும் ஜாப் கார்டில் (வேலைச் சீட்டு) உங்கள் ஊகத்தை எழுத விடாதீர்கள். ‘பிஸ்டன் சீஸ்’ (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப்போனது) என்று நீங்களே எழுதிக்கொடுத்தால் அது உங்கள் ஒப்புதலாகிவிடும். ‘ஓடும்போது நின்றது, கம்ப்ரஷன் இல்லை’ என்று அறிகுறியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சீரியல் நம்பர், பாரின் நீளம், உடன் கொடுத்த செயின், தேதி எல்லாம் அதில் வரட்டும். பிரிக்கும் முன் எஸ்டிமேட் கேட்டு, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதுங்கள்.

வாரண்டி கிடையாது என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில், பிஸ்டனின் படத்தோடு கேளுங்கள். அதை வைத்து கம்பெனியின் ஏரியா சர்வீஸ் ஆளுக்கு மெயில் போடலாம்; டீலர் மறுத்ததைக் கம்பெனி ஏற்பது நடக்கக்கூடியதே. அங்கும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. ஒரே மெஷினை வைத்து மரம் அறுத்துப் பிழைப்பவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பத்து மெஷினை வாடகைக்கு விடுபவருக்கு இந்த வாதம் நிற்பது கடினம்.

ரிப்பேர் முடிந்து வாங்கும்போது கடை வாசலிலேயே ஓட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் செயின் நகரக்கூடாது. பிரேக்கைத் தள்ளினால் உடனே நிற்க வேண்டும். தாளில் ஆயில் தெறிக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் மூலையில் கிடக்கும் பழைய கேன் பெட்ரோலை அதில் ஊற்றிவிடாதீர்கள்.