உள்ளே தூங்கும் கிருமி: கிட்னி மாற்றியவர் வீடுகளில் நடக்கும் தவறுகள்

மாற்று கிட்னியோடு கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பிய புதிதில், பார்க்க வந்த சொந்தபந்தத்தை எல்லாம் திண்ணையிலேயே உட்கார வைத்து அனுப்பினார்கள் எங்கள் வீட்டில். மாஸ்க், சானிடைசர், காய்ச்சிய தண்ணீர். அதில் தப்பில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களைப் படுக்கையில் தள்ளும் வைரஸ்கள் பல, வாசல் வழியாக வருவதே இல்லை. புதுக் கிட்னியை உடம்பு தள்ளாமலிருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை போடுகிறோமே, அப்போது உள்ளே தூங்குபவை விழித்துக்கொள்ளும்.

சி.எம்.வி. என்கிற சைட்டோமெகலோ வைரஸ் நம்மூரில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே புகுந்து, சத்தமில்லாமல் தங்கிவிடும். கொடுத்தவருக்கு இருந்து வாங்கியவருக்கு இல்லாவிட்டால்தான் ஆபத்து மிக அதிகம். உறுப்போடு சேர்ந்தே வந்துவிடும். அதை அடக்கத்தான் 3 முதல் 6 மாதம் வரை வால்கான்சிக்ளோவிர் என்கிற வைரஸ் மாத்திரை. விலை கட்டுபடியாகாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். கோர்ஸ் முடிந்ததும் நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. நிறுத்திய பிறகுதான் பலருக்கு அது தலைதூக்குகிறது. அப்போது வரும் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு நாளைக் கடத்தக் கூடாது.

கிட்னியில் தூங்கும் பி.கே. வைரஸ் இன்னும் கள்ளன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கிட்னி வேலை குறைவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு மட்டும் ரத்தத்தில் ஏறும். மஞ்சள் வெட்டு நேரம், உடம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் தெரியவே தெரியாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை டாக்டர் குறைப்பதுதான் இதற்கு வைத்தியம். பக்கத்துக் கட்டில்காரருக்குக் குறைத்தார்களே என்று நாமாகக் குறைத்தால் உடம்பு கிட்னியையே தள்ளிவிடும்.

மூன்றாம் வருடம் எனக்கு இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல். மறுநாள் கொத்தாகக் கொப்புளம். "அக்கி கண்ணு, குயவர் வூட்டுல போய் எழுதிட்டு வந்தரலாம்" என்றார் அம்முச்சி, அம்மாவின் அம்மா. காவியைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் பூசினார்கள், குளுகுளுவென்றுதான் இருந்தது. இரண்டு நாள் போச்சு. அம்முச்சி சொன்ன பெயர் சரி, வைத்தியம்தான் எனக்குப் பொருந்தாது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து எழுவதுதான் அக்கி. மற்றவர்களுக்குச் சில வாரத்தில் தானாக ஆறும், பேர் காவிக்குப் போகும். எங்களுக்கு அது நுரையீரல்வரை பரவலாம். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது. நான் மயிரிழையில் தப்பினேன்.

சின்னம்மை வந்த வீட்டில் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள், வேப்பிலை செருகுவதோடு சரி. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். அந்த வீட்டுக்குப் போய்வந்தது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, அதனால் மாற்றிய பிறகு பொதுவாகப் போடமாட்டார்கள். இதுவரை அம்மை வராதவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்துக்கும் ஒன்று. ஐ.சி.யூ. வாசலில், அழுகைக்கு நடுவே, பழைய நோய்களைப் பற்றிக் கேட்பார்கள். சொன்னால் தானம் வீணாகிவிடுமோ என்று மறைப்பவர்கள் உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருந்தவரின் உறுப்பைக்கூடத் தெரிந்தே வைத்து, பிறகு மாத்திரையால் குணப்படுத்துகிற காலம் இது. தெரியாமல் போவதுதான் கொல்லும். 2004-ல் அமெரிக்காவில் ஒரே கொடையாளியின் கல்லீரல், இரண்டு கிட்னி, ஒரு ரத்தக்குழாய்த் துண்டு ஆகியவற்றைப் பெற்ற 4 பேரும் ரேபிஸ் வந்து இறந்தார்கள். அவரை வௌவால் கடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. போன மாசம் தோட்டத்து நாய் லேசாகப் பல் பட்டது என்றாலும் அங்கே சொல்லிவிடுங்கள்.