விரட்டிய பேயை அடிக்காதீர்கள்: கிளெரிக் ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் என் நண்பர்கள் பலர் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் வீடியோ கேம் ஆடுகிறார்கள். நான்கு பேர் வரை ஒரே அணியாகச் சேரலாம் என்பதால் விடுமுறை வந்தால் ஆட்டம் களைகட்டிவிடும். அந்த அணிகளில், தெய்வ அருளால் மந்திரம் ஏவும் பூசாரிப் பாத்திரமான கிளெரிக்கை எடுப்பவர் பெரும்பாலும் காயத்துக்கு மருந்திடும் ஆளாகவே ஒதுங்கிவிடுகிறார். எலும்புக்கூடுகள் சூழும்போது அவருக்குக் கைகொடுக்க வேண்டிய, அண்டெட்களை (செத்தும் நடமாடும் பிணம், பேய் வகைகளை) விரட்டும் ‘டர்ன் அண்டெட்’ ஆற்றல் வீணாகிறது. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, விரட்டிய பேயைத் துரத்தி அடிப்பது. தோட்டத்துக் கோடாங்கி உடுக்கையடித்து ஓட்டினால் பேய் ஒரேயடியாகப் போய்விட்டது என்று நிம்மதி அடைவோம். இங்கே கிடைப்பது அவகாசம் மட்டுமே. பாதிப்பிலிருந்து தப்ப எதிரி போடும் பகடையான சேவிங் த்ரோவில் தோற்ற அண்டெட் 10 சுற்றுகள் வரை கிளெரிக்கை விட்டு விலகி ஓடும், தாக்காது. ஆனால் அதன்மேல் ஓர் அம்பு தைத்தாலே பயம் தெளிந்து திரும்பிவிடும். ஐந்து எலும்புக்கூடுகளில் மூன்று ஓடினால், நின்றுவிட்ட இரண்டின்மேல் நால்வரும் பாயுங்கள். அவற்றை முடித்த பிறகு, ஓடியவற்றை ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம்.

இதில் நல்ல ஆட்டக்காரர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கிளெரிக்கைச் சுற்றி 3 மீட்டருக்குச் சுழலும் ‘ஸ்பிரிட் கார்டியன்ஸ்’ மந்திரத்தை ஏவிவிட்டு, அதே சண்டையில் டர்ன் அண்டெட்டையும் எடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பிணங்களைக் காவல் ஆவிகள் தாக்க, பயம் அங்கேயே கலைந்துவிடுகிறது. தரையில் தீ மூட்டி வைத்தாலும் இதே கதைதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஞானப் புள்ளியைக் குறைத்துவிட்டு ஆற்றலைப் பழிப்பதும் நியாயமல்ல. எதிரி எட்ட வேண்டிய எண், 8உடன் உங்கள் தேர்ச்சி ஊக்கமும் (நிலைக்கேற்ப உயரும் கூட்டெண்) ஞான ஊக்கமும் (ஞானப் புள்ளி தரும் கூட்டெண்) சேர்ந்தது. 2ஆம் நிலையில் ஞானம் 16 என்றால் அது 8 + 2 + 3 = 13. ஞானம் 8 உள்ள எலும்புக்கூட்டுக்குப் பகடையில் ஒன்று கழியும் என்பதால், அது தப்ப இருபதுமுகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். உங்கள் ஞானம் 10ஆக இருந்தால் 11 விழுந்தாலே போதும். பாதிக்குப் பாதி தப்பிவிடும்.

வீச்சு 9 மீட்டர்தான். வில்லாளியின் பின்னால் ஒளிந்துகொண்டு ஏவினால் முன்வரிசைகூட அகப்படாது. கவசத்தோடு முன்னே வாருங்கள்.

கடைசியில் வரும் பெரிய எதிரிக்காகப் பத்திரப்படுத்துவதும் வேண்டாம். இந்த ஆற்றலை ஏவச் செலவான தெய்வசக்தி, சண்டைகளுக்கிடையே எடுக்கும் குறு ஓய்விலேயே திரும்பிவிடும். 6ஆம் நிலையில் இருமுறை பயன்படுத்தலாம். உங்கள் தெய்வத்துறை (கிளெரிக்கின் உட்பிரிவு) தரும் சிறப்பாற்றலும் இதே கணக்கில்தான் கழியும் என்பதை மட்டும் கவனியுங்கள். 5ஆம் நிலை முதல், தோற்ற அண்டெட்டுக்கு நான்கு ஆறுமுகப் பகடைகளின் அளவு ஒளிச்சேதமும் விழும். அதன்பின் கூட்டம் திரண்ட முதல் சுற்றிலேயே ஏவுவதுதான் என் பரிந்துரை.

ஏவும் முன் எதிரியின் விவரத்தைத் திறந்து வகையைப் பாருங்கள். கொம்பும் சிறகுமாக எவ்வளவு கோரமாக இருந்தாலும் பிசாசு அண்டெட் அல்ல. அண்டெட்களை எழுப்பிவிட்ட மந்திரவாதியும் அல்ல. அவர்கள்மேல் இது பலிக்காது.