கெட்டிமேளம் முந்துதா, பிந்துதா? வீட்டு டிவிடியில் ஒலி பிசகும் இடங்கள்

பழைய கல்யாணக் கேசட்டை டிவிடியாக மாற்றும்போது படம் ஓரளவு தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது ஒலிதான். பிள்ளையார் பூஜை வரைக்கும் எல்லாம் சரியாக ஓடும். வரவேற்புக் கச்சேரி வரும்போது பாடகி வாயை மூடிய பிறகும் பாட்டு கேட்கும். உடனே எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, மொத்த ஆடியோவையும் அரை விநாடி முன்னால் இழுத்துவிடுவார்கள். கச்சேரி சரியாகிவிடும், பூஜை கெட்டுவிடும்.

பிசகு எந்த வகை என்று பார்க்காமல் கை வைப்பதுதான் முதல் தவறு. அதுதான் மிகப் பெரிய தவறும்கூட. ஒலி விலகுவதில் மூன்று வகை உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் விலகியிருப்பது ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போவது இரண்டாவது. ஒரு கட்டம் வரை சரியாக ஓடி, திடீரென ஒரு இடத்தில் தாவி, பிறகு அதே அளவில் நிற்பது மூன்றாவது. முதல் வகைக்கு ஆடியோவைத் தள்ளி வைத்தால் போதும். இரண்டாவதற்கு ஆடியோவின் நீளத்தையே மாற்ற வேண்டும். மூன்றாவதற்குத் தாவிய இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேதான் சரிசெய்ய வேண்டும். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

கண்டுபிடிக்க மூன்று இடங்களில் சோதித்தால் போதும்: தொடக்கம், நடு, முடிவு. பேச்சை வைத்துப் பார்க்காதீர்கள், உதட்டசைவு ஏமாற்றும். சட்டென்று சத்தம் எழும்பும் காட்சி வேண்டும். தேங்காய் உடையும் கணம் நல்லது. தவில்காரர் அருகில் தெரிந்தால் இன்னும் நல்லது: இடது கைக் குச்சி தோலைத் தொடும் ஃபிரேமில் (வீடியோ என்பது வரிசையாக ஓடும் நிலைப்படங்கள், அதில் ஒன்றுதான் ஃபிரேம்) படத்தை நிறுத்தி, அடியின் ஒலி அலை எங்கே எழும்புகிறது என்று பாருங்கள். பால் (PAL) எனும் நம் ஊர் டிவி முறையில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி, அதனால் எத்தனை ஃபிரேம் தள்ளியிருக்கிறது என்று எண்ணினாலே கணக்கு வந்துவிடும். விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிவிநாடி வீதம் முன்பின் நகர்த்தும். தோராயமாகப் பார்க்க அதுவே போதும்.

இதில் இரண்டு பொறிகள். மேடையில் யாரோ மைக்கைத் தட்டும் காட்சியை ஆதாரமாக எடுத்தால், கேமரா மண்டபத்தின் பின்வரிசையில் இருந்ததா என்று யோசியுங்கள். 17 மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் கேமராவுக்கு வர ஏறத்தாழ 50 மில்லிவிநாடி ஆகும். அது இயற்கையான தாமதம், அதைத் திருத்தப் போனால் மற்றதெல்லாம் கெடும். இன்னொன்று, அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் பாதிக் கல்யாணத்துக்குச் சினிமாப் பாட்டை மேலே ஏற்றியிருப்பார்கள். அந்தப் பகுதியில் ஒலி எங்கே நின்றாலும் சரிதான். அங்கே உட்கார்ந்து ஒத்திசைவு தேடுவது வீண் வேலை.

எவ்வளவு விலகல்வரை பொறுக்கலாம்? ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலே மனிதருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை. தூரத்துச் சத்தம் தாமதமாக வருவது நமக்குப் பழக்கம். அடிக்கும் முன்பே சத்தம் கேட்பது பழக்கமில்லை. எனவே சந்தேகம் இருந்தால் ஒலியைத் துளி பின்னால் விடுங்கள், முன்னால் விடாதீர்கள்.

கூடிக்கொண்டே போகும் விலகலுக்கு வருவோம். கேசட்டிலிருந்து படத்தை ஒரு கேப்சர் கார்டிலும் (வீடியோவைக் கணினிக்குள் வாங்கும் அட்டை), ஒலியைக் கணினியின் சவுண்ட் கார்டிலும் தனித்தனியாக வாங்குவது பழைய வழக்கம். இரண்டுக்கும் தனித்தனிப் படிகக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்பது ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். 3 மணி நேரக் கேசட்டில் அது அரை விநாடிக்கு மேல். படமும் ஒலியும் ஒரே கருவி வழியாக உள்ளே வந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது என்றால், முதல் சோதனை இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையில் எவ்வளவு கூடியது என்று அளந்து, அந்த விகிதத்தில் ஆடியோவைச் சுருக்கவோ நீட்டவோ வேண்டும். 2 மணி நேரத்தில் 0.36 விநாடி பிந்துகிறதென்றால் 7200.36 விநாடி ஆடியோவை 7200 விநாடிக்குள் அடக்குங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இதைச் செய்யும். இவ்வளவு சிறிய மாற்றத்தில் சுருதி மாறுவது யார் காதுக்கும் தெரியாது.

ஃபிரேம் விகிதம் மாறினால் கதை வேறு. நம் ஊர் பால் முறை விநாடிக்கு 25 ஃபிரேம். கனடா, அமெரிக்காவில் என்டிஎஸ்சி என்ற வேறு முறை, 29.97. டொராண்டோவில் இருக்கும் அத்தைக்கு ஒரு பிரதி அனுப்பும்போது மாற்றித்தான் தீர வேண்டும், அங்கே பல பிளேயர்கள் பால் வட்டை வாசிக்காது. சில மென்பொருள்கள் திரைப்படத்துக்குச் செய்வதுபோல 25-ஐ 23.976 ஆக மெதுவாக்கிவிட்டு, பிறகு 29.97 ஆக்கும். அப்போது 3 மணி நேரப் படம் 3 மணி 7 நிமிடத்துக்கு மேல் நீளும். ஒலி பழைய நீளத்திலேயே இருந்தால் கடைசியில் 7 நிமிடத்துக்கு மேல் ஊமைப்படம்தான். ஒலியையும் சேர்த்து மெதுவாக்கினால், சுருதி ஒரு அரைச்சுரத்தில் முக்கால் பங்கு இறங்கி நாதஸ்வரம் அழுவதுபோல ஆகும். ஓடும் நேரம் மாறாத மாற்று முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிவந்த கோப்பின் நீளத்தை மூலத்தோடு ஒப்பிட்டாலே பாதிப் பிழை பிடிபடும், ஏனோ யாரும் அதைச் செய்வதில்லை.

தாவிப் போகும் விலகலுக்குப் பெரும்பாலும் கேசட்டே காரணம். பூஞ்சை பிடித்த, மடிந்த நாடாவில் கேப்சர் கார்டு சில ஃபிரேம்களை விட்டுவிடும், ஒலி நிற்காமல் ஓடும். 25 ஃபிரேம் விட்டால் ஒரு விநாடி போயிற்று. கேப்சர் முடிந்ததும் எத்தனை ஃபிரேம் விடுபட்டது என்று மென்பொருள் காட்டும் எண்ணைப் பார்க்காமல் மூடிவிடுவது தவறு. நாடாவைச் சுத்தம் செய்து மறுபடி பிடிப்பதுதான் நிஜமான வழி.

இனி சுருக்கிய ஆடியோ. பழைய ஏவிஐ வீடியோ கோப்புகளில் ஒலி எம்பி3 ஆக இருக்கும், அதிலும் பிட் விகிதம் (விநாடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) ஏறி இறங்கும் வகையாக இருந்தால் ஏவிஐ அமைப்புக்கும் அதற்கும் ஒத்துவராது. அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் வர்ச்சுவல்டப் என்ற வீடியோ மென்பொருள் ஒரு எச்சரிக்கை காட்டும்: ஒலியின் தலைப்பை (கோப்புக்குள் ஒலியைப் பற்றி இருக்கும் குறிப்பை) நிலையான விகிதமாக மாற்றி எழுதப்போகிறேன், இத்தனை மில்லிவிநாடி விலகல் வரலாம் என்று. பலரும் படிக்காமலேயே சரி என்று அழுத்திவிடுவார்கள். அதே எச்சரிக்கையில் தீர்வும் இருக்கிறது: மொத்த ஒலியையும் சுருக்கம் நீக்கி வேவ் கோப்பாக்கி, அதை வைத்து வேலை செய்யுங்கள்.

அந்த வேவ் கோப்பிலும் ஒரு வம்பு. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்குச் சுமார் 691 எம்பி. பழைய மென்பொருள்கள் சில 2 ஜிபியோடு நின்றுவிடும், அதாவது 3 மணி 6 நிமிடத்தில். கேசட் அதற்கு மேல் போனால் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுவது, ஒட்டுவது, நீட்டுவது எல்லாம் வேவ் நிலையில் முடிய வேண்டும். சுருக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை. எம்பி3-யை விரித்துத் திரும்ப எம்பி3 ஆக்கினால் தரம் குறைவது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் தொடக்கத்தில் ஏறத்தாழ 25 மில்லிவிநாடி மௌனம் சேரக்கூடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. சில மென்பொருள்கள் அதைத் தாமாகவே கழித்துவிடும், சில கழிக்காது.

டிவிடிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் கட்டாயம். விசிடியில் இருப்பது 44.1. பழைய விசிடியின் எம்பி2 ஒலியை அப்படியே டிவிடிக்குள் தள்ளினால், நல்ல மென்பொருள் மறுக்கும். மோசமானது வாங்கிக்கொண்டு 48 என்று நினைத்து ஓட்டும். ஒரு மணி நேர ஒலி 55 நிமிடத்தில் முடிந்து, தாத்தா குழந்தைக் குரலில் ஆசீர்வாதம் செய்வார். எம்பி3, ஏஏசி இரண்டும் டிவிடி வீடியோவின் ஒலித்தடமாக ஏற்கப்படுவதில்லை. உங்கள் பிளேயர் எம்பி3 வட்டைப் பாடுகிறதே என்றால், அது வேறு வகை வட்டு. ஏசி3 (டிவிடியில் வழக்கமாக இருக்கும் சுருக்கிய ஒலி) அல்லது சுருக்காத பிசிஎம் போடுங்கள். எம்பி2 பால் நாடுகளில் ஓடும். டொராண்டோ வட்டில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

பிசிஎம் தரமானது என்று அதையே பிடித்துக்கொள்வதும் சரியில்லை. 4.7 ஜிபி வட்டில் 2 மணி நேரம் என்றால், படம் ஒலி இரண்டுக்கும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 5.2 மெகாபிட்தான் கிடைக்கும். பிசிஎம் அதில் 1.5-ஐ விழுங்கும். 192 கிலோபிட் ஏசி3, கேசட்டின் ஒலிக்குத் தாராளம். மொத்த வேகம் 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி. படத்துக்கு 9 வைத்து, மேலே பிசிஎம்மும் போட்டால் பிளேயர் திக்கும். அதையும் ஒத்திசைவுப் பிழை என்று எண்ணி ஆடியோவை நகர்த்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

டிவிடியிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் கருவிகள் கோப்பின் பெயரிலேயே 'டிலே மைனஸ் 80 எம்எஸ்' என்பதுபோல எழுதிவைக்கும். அது அலங்காரம் இல்லை. திரும்பச் சேர்க்கும்போது அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும், கழித்தல் குறியோடு. பெயரை அழகுபடுத்துகிறேன் என்று மாற்றினால் எண்ணும் போய்விடும்.

போனில் எடுத்த துணுக்குகளைச் சேர்ப்பதானால், முதலில் அவற்றை நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றுங்கள். போன் வீடியோவில் ஃபிரேம் விகிதம் வெளிச்சத்துக்கேற்ப ஏறி இறங்கலாம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்று மென்பொருளில் அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு, புளூடூத் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சரிபார்க்காதீர்கள். அதற்கென்று சொந்தத் தாமதம் உண்டு, அதைச் சரிக்கட்ட வட்டைக் கெடுத்துவிடுவீர்கள். புதிய டிவிகளும் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்ளும். தனி ஸ்பீக்கர் போட்டால் ஒலி முந்தும். கணினியில் கம்பி ஹெட்போனில் ஒரு முறை பாருங்கள். பிறகு அழித்து எழுதும் வட்டில் பர்ன் செய்து, சாதாரண பிளேயரில், டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அதே மூன்று இடங்களையும் பாருங்கள். ஒத்துப்போனால் நல்ல வட்டை எடுங்கள், வேவ் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். அடுத்த பிரதிக்கு ஏசி3-யிலிருந்து மறுபடி ஆரம்பிக்க நேரக் கூடாது.