மஞ்சளடித்த நெல்: துங்ரோதானா என்று பார்ப்பது எப்படி?

நெல் மஞ்சளடித்ததும் யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள். வயல் முழுக்கச் சீராக மஞ்சளானால் சத்துக் குறைவாக இருக்கலாம். திட்டுத் திட்டாக, இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் இறங்கி, பயிர் குட்டையாகித் தூர் கட்டாமல் நின்றால் துங்ரோ வைரஸைச் சந்தேகப்படுங்கள்.

விடியற்காலையில் இலை நுனியை 10 செ.மீ. வெட்டி, அயோடின் கரைசலில் (100 மி.லி. தண்ணீருக்கு அயோடின் 2 கிராம், பொட்டாசியம் அயோடைடு 6 கிராம்) 15 நிமிடம் ஊறவைத்துப் பாருங்கள், மாவுச்சத்து இலையிலேயே தேங்கியிருப்பதால் நோய் பிடித்த இலையில் கருநீலக் கோடு தெரியும்.

வைரஸுக்கு மருந்தே கிடையாது. அதைச் சுமந்து வரும் பச்சைத் தத்துப்பூச்சியைத்தான், அதுவும் நாற்றங்காலிலேயே, அடக்க வேண்டும். அறுத்த தாளை உடனே மடக்கி உழுதுவிடுங்கள். அப்புறம், மருந்தடிக்கும்போது பலரும் வரப்புப் புல்லை விட்டுவிடுகிறார்கள். பூச்சி ஒதுங்குவதே அங்கேதான்.