கிளிமஞ்சாரோவுக்கு எந்தப் பாதையால் ஏறுவது?

கொழும்பில் மலையேற்றம் என்று பேச்செடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது சிவனொளிபாதமலைதான். நல்லதண்ணிப் பக்கமா, இரத்தினபுரிப் பக்கமா என்று கேட்டால், குறுகிய வழி என்பதால் பலரும் நல்லதண்ணியையே சொல்வார்கள். 2,243 மீற்றர் உயரத்துக்கு அந்தக் கணக்குச் சரி. அதே கணக்கைத் தான்சானியாவில் உள்ள 5,895 மீற்றர் உயரமான கிளிமஞ்சாரோவுக்கும் போட்டு, மலிவான ஐந்து நாள் பயணத்தைத் தெரிவுசெய்பவர்களுக்குத்தான் உச்சிக்கு ஏறும் இரவில் தலைவலியும் வாந்தியுமாகப் பாதிவழியில் இறங்க நேரிடுகிறது.

இது கால் வலிமை சம்பந்தப்பட்ட விடயம் அல்ல. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒக்சிசனும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதற்கு உடல் பழகச் சில நாட்கள் வேண்டும். உயர நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். நமது நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான் என்பதால், உங்கள் உடல் என்ன செய்யும் என்பதை இங்கிருந்தபடி சோதித்துப் பார்க்க வழியில்லை.

ஆகவே தூரத்தை விட்டுவிட்டு, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் உறங்கப் போகிறீர்கள் என்பதை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதுங்கள். 3,000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் மருத்துவர்கள் கூறும் பொது விதி. இப்போது மரங்கு பாதையை எழுதிப் பாருங்கள்: மண்டாரா 2,720, ஹொரொம்போ 3,720, கிபோ 4,720. இரவுக்கு ஆயிரம் மீற்றர்! கூடாரம் இல்லாமல் குடிலில் கட்டில் கிடைக்கும் ஒரே பாதை இதுதான் என்பதில் பலர் மயங்கிவிடுகிறார்கள். இதுதான் வேண்டும் என்றால், ஹொரொம்போவில் இரண்டு இரவுகள் தங்கும் ஆறு நாள் திட்டத்துக்குக் குறைவாக எதையும் ஏற்காதீர்கள்.

மச்சாமே பாதையில் மூன்றாம் நாள் லாவா டவர் என்னும் எரிமலைப் பாறை வரை, சுமார் 4,600 மீற்றருக்கு ஏறி, அன்று மாலையே ஏறத்தாழ 3,950 மீற்றரில் உள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கி உறங்குவீர்கள். பகலில் உயர ஏறி இரவில் தாழ உறங்கும் இந்த ஒரு நாள்தான் அந்தப் பாதையின் உயிர். மேற்கிலிருந்து ஷிரா மேட்டுநிலத்தைக் கடந்து வரும் லெமோஷோவும் இங்கேயே சேர்கிறது; முன்கூட்டியே ஓரிரு இரவுகள் அதிகம் கிடைப்பது அதன் சிறப்பு. விடுமுறை இருந்தால் எட்டு நாள் லெமோஷோ, இல்லையேல் ஏழு நாள் மச்சாமே என்பதே எனது தெரிவு. இவையும் அந்த 500 மீற்றர் விதியை முழுமையாக நிறைவேற்றுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மழைக்காலமான மார்ச் முதல் மே வரையிலோ நவம்பரிலோதான் போக முடியும் என்றால், வடக்கிலிருந்து ஏறும் ரொங்காய் மற்றவற்றைவிட வறண்டது. செங்குத்தான உம்ப்வே முதல்முறை போகிறவர்களுக்கு உரியதல்ல. 2006இல் கற்கள் சரிந்து மூவர் உயிரிழந்த மேற்குப் பிளவு வழியை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறங்கும் வழியையும் கேட்டு வையுங்கள். மச்சாமே, லெமோஷோ பாதைகளால் ஏறுபவர்கள் வழக்கமாக ம்வேக்கா வழியாக, உச்சியைத் தொட்ட அதே நாளில் சுமார் 3,100 மீற்றர் வரை இறங்குவார்கள். நல்லதண்ணிப் படிகளில் காலையில் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி முழங்கால் நடுங்க இறங்கியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஊன்றுகோல் இரண்டு எடுத்துச் செல்லுங்கள்.

பூங்காக் கட்டணம் நாட்கணக்கில் அறவிடப்படுவதால் ஒவ்வொரு மேலதிக நாளும் செலவுதான். எனவே முற்பணம் கட்டுமுன், எந்த இரவு எந்த முகாமில், எத்தனை மீற்றரில் என்பதை எழுத்தில் தரும்படி முகவரிடம் கேளுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் வேறு முகவரைத் தேடுங்கள்.