கார்ட் கேம் தொடங்குமுன்: பெக்கட்டை வாங்காதீர்கள், ஆளைத் தேடுங்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து யாராவது "போக்கிமோன் கார்ட் விளையாடப் பழகணும் அண்ணே, எந்தப் பெக்கட்டை முதல்ல வாங்கட்டும்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: யாரோடு விளையாடப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. முதலில் கார்ட் கைக்கு வரட்டும், ஆள் தானாகச் சேரும் என்ற நினைப்பு. புதிதாகத் தொடங்குபவர்கள் விடும் தவறுகளில் இதுதான் பெரியது. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

எதிரே ஒருவர் உட்கார்ந்தால்தான் இது விளையாட்டு. பெரிய நகரத்தில் இருப்பவர் எந்த கேமைத் தொட்டாலும் என்றாவது ஒரு கூட்டாளி கிடைப்பார். நம் பக்கம் அப்படியில்லை, ஒரு தோட்டத்தில் மூன்று பேர் விளையாடினாலே பெரிய விஷயம், நாலாவது ஆள் மஸ்கெலியாவிலோ கொட்டகலையிலோ இருப்பார், கடைசி பஸ்ஸுக்குள் ஆட்டம் முடிய வேண்டும். அதனால் "எந்த கேம் நல்லது" என்று வீடியோ தேடுவதை விட்டுவிட்டு, பாடசாலையிலும் டியூஷனிலும் ஏற்கெனவே யார் எதை விளையாடுகிறார்கள் என்று விசாரியுங்கள். உங்களுக்கு இரண்டாவது பிடித்த கேமாக இருந்தாலும் அதையே எடுங்கள். யாருமே இல்லையா, சரி, தம்பியையோ மாமா மகனையோ கூடப் படிக்கும் ஒருவரையோ முதலில் சேர்த்துக்கொண்டு இரண்டு பேருமாகத் தொடங்குங்கள். தனியாகத் தொடங்கிய கார்ட்கள் கடைசியில் அலுமாரியில்தான் கிடக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. போக்கிமோனில் ஒரு பெக்கட், யூ-கி-ஓவில் ஒரு பெக்கட், ஒன் பீஸில் ஒரு பெக்கட் என்று வாங்கிச் சேர்ப்பது. இவை ஒன்றோடொன்று சேராது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மெஜிக்: த கெதரிங் இந்த வகைக்கு வழி போட்டது. அதில் டெக், அதாவது ஒருவர் ஆடக் கொண்டுவரும் கார்ட் கட்டு, குறைந்தது 60 கார்ட். 1996-இல் ஜப்பானில் வந்த போக்கிமோனில் சரியாக 60, ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது. யூ-கி-ஓவில் 40 முதல் 60 வரை. 2022-இல் வந்த ஒன் பீஸில் 50, அதற்கு மேல் ஒரு தலைவர் கார்டும் 10 டொன் கார்டும். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, யூ-கி-ஓவில் கார்டின் அளவே கூட வேறு.

காசு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் வலிக்கிற இடம் இதுதான். உள்ளே எந்தக் கார்ட் என்று தெரியாமல் வாங்கும் போக்கிமோன் பூஸ்டர் பெக்கட் ஒன்று அமெரிக்காவில் ஏறத்தாழ நாலரை டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலே 1,350 ரூபா. 2024-இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமும் அதே 1,350 தான். இதில் தபால் செலவு, சுங்க வரி, இடையில் கைமாற்றுபவரின் இலாபம் எதையும் நான் சேர்க்கவில்லை. அந்தப் பெக்கட்டுக்குள் இருப்பது பத்துக் கார்ட், அதிலும் பெரும்பாலானவை உங்கள் டெக்குக்குத் தேவைப்படாதவை. பத்துப் பெக்கட் வாங்கினாலும் விளையாடக்கூடிய ஒரு டெக் வராது, ஏனென்றால் பூஸ்டர் என்பது ஏற்கெனவே டெக் வைத்திருப்பவர் மேலும் சேர்ப்பதற்காகச் செய்தது. உடைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா அப்பாவின் ஒரு நாள் உழைப்பை அதற்குள் போடுவதற்கு முன் ஒரு ஆட்டமாவது விளையாடியிருக்க வேண்டும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் உடனே விளையாடத் தயாராகக் கட்டிய டெக் ஒன்றை வாங்குங்கள். எல்லாக் கம்பனியும் விற்கிறது, இரண்டு பேர் பங்கு போட்டு இரண்டு டெக் எடுத்தால் அன்றைக்கே விளையாடலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது, பலர் இதை வெட்கமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்: பேப்பரில் பிரின்ட் எடுத்து விளையாடுவது. போக்கிமோன் கார்டின் அளவு 63 மில்லிமீற்றருக்கு 88. ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கார்ட் அடங்கும், ஆக 60 கார்டுக்கு ஏழு தாள். டவுனில் உள்ள எந்த கொமியூனிகேஷனிலும் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கத்தரித்து, ஸ்லீவுக்குள் (கார்டைப் போடும் பிளாஸ்டிக் உறை) பின்னால் ஒரு சாதாரண காட்ஸை வைத்து முன்னால் இந்தத் தாளைச் செருகினால் கையில் பிடிக்க அசல் போலவே விறைப்பாக நிற்கும். காட்ஸ் கட்டு ஒன்றில் ஜோக்கர் இரண்டையும் சேர்த்து 54 தான் இருக்கும், எனவே இரண்டு கட்டு எடுங்கள். வாங்கும்போது கட்டின் அகலத்தையும் பாருங்கள், சில கட்டு ஒடுக்கமாக இருக்கும், ஸ்லீவுக்குள் ஆடும். போட்டிகளில் இந்தத் தாள் கார்ட் செல்லாது, விற்கவும் கூடாது. வீட்டில் பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஒரு மாதம் இப்படி விளையாடிப் பிடித்திருந்தால் அப்புறம் காசைப் பற்றி யோசிக்கலாம்.

டெக் கட்டுவதில் வரும் தவறுகளுக்கு வருவோம். நாமெல்லாம் முன்னூற்று நாலு என்ற காட்ஸ் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதில் ஜக் வந்தால் 30, ஒன்பது வந்தால் 20, பெரிய காட்ஸ் கைக்கு வந்தால் பலம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பெரிய எண் போட்ட கார்ட்களையே அடுக்குகிறார்கள். போக்கிமோனில் சாரிசார்ட் ஒன்று கிடைத்தவுடன் டெக்கில் போடுகிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் இரண்டாம் கட்டப் பரிணாமம். முதலில் சார்மாண்டர் மேசையில் இருக்க வேண்டும், அதன்மேல் சார்மிலியன், அப்புறம்தான் சாரிசார்ட். நடுக்கட்டத்தைத் தாண்ட உதவும் கார்ட் இருக்கிறது, அதற்கும் சார்மாண்டர் வேண்டும். சார்மாண்டர் ஒன்றுகூட இல்லாத டெக்கில் சாரிசார்ட் கையில் செத்த கார்ட், ஆட்டம் முடியும்வரை அப்படியே இருக்கும். இந்தக் காட்சியைப் பிள்ளைகள் விளையாடும் மேசையில் அடிக்கடி பார்க்கலாம். எதிரி மூன்று பரிசுக் கார்ட் (எதிராளியின் போக்கிமோனை வீழ்த்தினால் எடுப்பது) எடுத்துவிட்டிருப்பார், இந்தப் பிள்ளை மினுங்கும் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரே டெக்கில் ஒன்றொன்றாக அறுபது விதம் போடுவதும் இதே மாதிரித்தான். 60 கார்டில் ஒரு கார்ட் ஒன்று மட்டும் இருந்தால், தொடக்கத்தில் எடுக்கும் ஏழில் அது வர ஏறத்தாழ 12 சதவீதம். அதையே நான்கு போட்டால் ஒன்றாவது வர 40 சதவீதம். உங்கள் டெக் எந்தக் கார்டை நம்பி நிற்கிறதோ அதை விதி அனுமதிக்கும் அளவுக்குப் போடுங்கள். யூ-கி-ஓவில் ஒரே கார்ட் மூன்று வரை போடலாம், கையில் ஐந்து எடுத்துத் தொடங்குவோம். டெக் 40 என்றால் அந்த மூன்றில் ஒன்று வர 34 சதவீதம், 60 என்றால் 23 தான். அதனால் "நிறையக் கார்ட் இருந்தால் நல்லதுதானே" என்று 60 வரை நிரப்பாதீர்கள், 40-ஐ ஒட்டி நில்லுங்கள். மெஜிக்கில் மற்றக் கார்ட்களை இறக்கச் சக்தி தரும் நிலக் கார்ட் சலிப்பாகத் தெரிவதால் குறைத்துவிடுகிறார்கள். 60-க்கு 24 நிலம் என்பது தொடக்கத்துக்கு நல்ல அளவு. அதை 18 ஆக்கினால் கையில் நல்ல நல்ல கார்டாகத் தேங்கும், ஒன்றையும் இறக்க முடியாது.

விதி தெரியும் என்று நினைத்துக்கொள்வது அடுத்தது. கார்ட்டூன் பார்த்துப் பழகியவர்கள் யூ-கி-ஓவில் 4,000 உயிர்ப் புள்ளியோடு தொடங்குகிறார்கள், உண்மையில் 8,000. முதலில் ஆடுபவர் அந்த முதல் முறை கார்ட் எடுக்கவும் கூடாது, தாக்கவும் கூடாது. போக்கிமோனில் முதல் ஆள் கார்ட் எடுக்கலாம், தாக்க முடியாது, சப்போர்ட்டர் என்ற உதவிக் கார்டும் போட முடியாது. ஒரு முறைக்கு ஒரே எனர்ஜி (தாக்கத் தேவையான சக்திக் கார்ட்), ஒரே சப்போர்ட்டர். போனில் போக்கிமோன் பொக்கட் ஆடிவிட்டு வருபவர்களுக்கு இது இன்னும் சிக்கல், ஏனென்றால் பொக்கட்டில் டெக் 20 கார்ட், எனர்ஜி தானாக வரும், மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. மேசையில் 60 கார்ட், எனர்ஜியும் டெக்குக்குள்தான், ஆறு பரிசுக் கார்ட் எடுக்க வேண்டும். இரண்டும் வேறு விளையாட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் முதல் சில ஆட்டங்களில் ஒவ்வொரு கார்டையும் சத்தமாக வாசித்து, என்ன செய்யச் சொல்கிறது என்று எதிரே இருப்பவரிடம் தமிழில் சொல்லிவிட்டு ஆடுங்கள். ஆட்டம் மெதுவாகப் போகும், பரவாயில்லை. விலை குறைவு என்று ஜப்பானிய மொழிக் கார்டை வாங்கினால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

போலிக் கார்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விளையாட்டுச் சாமான் கடையில் "தம்பி, இது ஒரிஜினல்தான், பொன் கார்ட்" என்று பெட்டி முழுக்க மஞ்சளாக மினுங்குவதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். எழுத்துப் பிழை, வெளிறிய பின்பக்க நீலம், பிளாஸ்டிக் போன்ற வழுக்கல் எல்லாம் அடையாளம். டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தால் போலியில் வெளிச்சம் தாராளமாக ஊடுருவும், அசலின் நடுவே கருமையான ஒரு படலம் இருப்பதால் அவ்வளவு தெரியாது. யூ-கி-ஓ அசல் கார்டில் கீழ் வலது மூலையில் சிறிய சதுர ஹொலோகிராம் இருக்கும். போலியால் வரும் உண்மையான நட்டம், அதிலுள்ள சக்தியும் வாசகமும் பெரும்பாலும் தப்பாக இருப்பதால் அதை வைத்து விதிப்படி ஆடவே முடியாது.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரம். நுவரெலியாவில் மழைக்காலம் முழுக்கச் சுவரே வியர்க்கும். மினுங்கும் கார்டின் முன்பக்கம் உலோகப் படலம், பின்பக்கம் தாள். தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், படலம் விரியாது, கார்ட் முன்பக்கமாக வளையும். வளைந்த கார்ட் டெக்கில் இருந்தால் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியும், போட்டியில் அது குற்றமாகிவிடும். சரி செய்கிறேன் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதும் இஸ்திரி போடுவதும் வேண்டாம், கார்ட் முடிந்துவிடும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பையை எறியாமல் எடுத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் கார்டோடு போட்டு, லயத்துச் சுவரில் ஒட்டாமல் உயரமாக வையுங்கள். ஸ்லீவ் வாங்கும்போது அளவு பாருங்கள், யூ-கி-ஓ கார்ட் 59-க்கு 86, மற்றவற்றின் ஸ்லீவில் அது வழுக்கும்.

கடைசியாக, மாற்றிக்கொள்வது. பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளிடம் பத்துச் சாதாரணக் கார்டைக் கொடுத்து ஒரு நல்ல கார்டை வாங்கிக்கொண்டு போவது நடக்கிறது, எண்ணிக்கையைப் பார்த்துப் பிள்ளைக்குச் சந்தோஷம். எந்தக் கார்டையும் உடனே கொடுக்காதீர்கள். கீழே மூலையில் இருக்கும் தொடர் எண்ணைப் போனில் தேடினால் டிசிஜி பிளேயர், கார்ட் மார்க்கெட் போன்ற தளங்களில் விலை வரும், அந்த எண்ணும் படமும் உங்கள் கார்டோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள், ஒரே பெயரில் பல பதிப்பு உண்டு. "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன் அண்ணே" என்று சொன்னால் நேர்மையான ஆள் காத்திருப்பார். தம்பி தங்கச்சி மாற்றப் போகும்போது நீங்களும் பக்கத்தில் போய் உட்காருங்கள்.