வாங்கிய வரலாற்று வழிகாட்டியை வீட்டுக்கு ஏற்ப மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்களுக்குக் கணக்குப் புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்பது பெரிய விஷயமில்லை. வரலாறு அப்படியில்லை. எந்த வாரம் எதைப் படிப்பது என்று சொல்லும் வரலாற்று வழிகாட்டிப் புத்தகங்களில், ஹோம்ஸ்கூலிங் செய்கிறவர்கள் கையில் இருப்பவற்றில் பல, அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. ஆண்டுக்கு 36 வாரம், பழங்காலத்தில் தொடங்கி இன்று வரை நான்கு ஆண்டுச் சுற்று. அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நாங்கள் வாங்கியதில் சோழர்கள் ஒரு பத்தியோடு போய்விட்டார்கள், சேரர்கள் வரவே இல்லை. நாங்கள் இருப்பதோ அந்தச் சேரர்கள் ஆண்ட கரூர்ப் பக்கம். மாற்றாமல் முடியாது என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. எப்படி மாற்றக் கூடாது என்பது தெரியத்தான் இரண்டு வருஷம் ஆனது.

பலரும் செய்வது, நானும் செய்தது இது: வழிகாட்டியில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தலையில் இந்திய வரலாற்றையும் தமிழக வரலாற்றையும் ஏற்றுவது. திங்கள், செவ்வாய் வழிகாட்டி. புதன், வியாழன் சமச்சீர்ப் புத்தகம். ஜூனில் ஆரம்பித்தோம். ஆடி பிறப்பதற்குள் பெரியவளுக்கு வரலாற்று நோட்டைப் பார்த்தாலே முகம் சுருங்கியது. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, எதை எடுப்பது? தெரியாத பெயராக இருப்பதையெல்லாம் அடித்துவிடுவது அடுத்த தவறு. நல்ல வழிகாட்டியில் ஒவ்வொரு வாரப் பாடத்துக்கும் அடியில் ஒரு கேள்வி ஓடும். அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்தைத் தாராளமாக மாற்றுங்கள். எங்கள் வழிகாட்டி ரோமுக்கு நான்கு வாரம் ஒதுக்கியிருந்தது. அதில் ஒரு வாரத்தின் கேள்வி, இவ்வளவு பெரிய பேரரசுக்குப் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பது. எகிப்துக் கோதுமையை வைத்து அவர்கள் விளக்கியிருந்தார்கள். நான் சமையலறையிலிருந்து மிளகு டப்பாவை எடுத்துவந்து ஒரு பிடி மிளகை மேஜையில் கொட்டினேன். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை நம்மிடமிருந்து உறிஞ்சுகிறது என்று ரோமானியரான பிளினி குறைபட்டு எழுதியதைச் சொன்னேன். அந்தப் பணத்தில் ஒரு துளி நம் அமராவதி ஆற்று மணலிலேயே காசாகக் கிடைத்திருக்கிறது என்றதும், "நாம குளிக்கப் போற ஆத்துலயாம்மா?" என்று சின்னவன் எழுந்து நின்றுவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார் மலைக்குப் போனோம். அங்கே குகைத் தளத்தில் சமணத் துறவிக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கையும், கொடுத்த சேரர் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் இருக்கின்றன. கல்லைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவன் காற்றிலேயே விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் உடைந்த சட்டி ஓட்டில் ஆணியால் தன் பெயரைத் தமிழி எழுத்தில் கீறினான். கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறார்களே, அதே வேலைதான். இதற்காக ரோமப் பேரரசர்கள் வரிசையில் பாதியை விட்டோம். எனக்கு வருத்தமே இல்லை.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. உலக வரலாறு ஒரு நோட்டு, நம் வரலாறு இன்னொரு நோட்டு என்று பிரித்துவிடுவது. அப்படிப் படித்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை என்ற உணர்வே வராது. நாங்கள் திண்ணைச் சுவரில் 5 மீட்டர் கயிறு கட்டி, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்து, துணி கிளிப்பில் அட்டைகளை மாட்டுகிறோம். சிந்துவெளி நகரங்கள் இடது ஓரத்தில், நாம் வலது ஓரத்தில். தஞ்சைப் பெரிய கோயிலின் 1010ஐ மாட்டியபோது அது நம்மிடமிருந்து ஒரு மீட்டரில் நின்றது. அசோகர் அதிலிருந்து இன்னும் ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருந்தார். "அப்போ ராஜராஜனுக்கே அசோகர் ரொம்பப் பழைய ராஜாவா?" என்று பெரியவள் கேட்டாள். எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி அது.

அசோகர் என்றதும் அப்படியே நம் பக்கம் வந்துவிடலாம். அவர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்றும் ஒருவரைச் சொல்கிறார். அது யார் என்று நெடுங்காலம் விவாதித்தார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கண்டெடுத்த கல்வெட்டில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயர்! இரண்டு நோட்டு வைத்திருந்தால் இந்த இணைப்பு எங்கே எழுதப்பட்டிருக்கும்?

வழிகாட்டியில் இருக்கிற செய்முறைகள் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று போதும். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு காலகட்டம் எடுக்காதீர்கள், காலம் ஒன்றாக இருக்கட்டும், எழுதும் அளவு மட்டும் வேறுபடட்டும். 36 வாரக் கணக்கையும் விட்டுவிடுங்கள். பொங்கல் வாரத்திலும் சித்திரை வெயிலிலும் பாடம் நகராது.

நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. நம் வரலாற்றை நாமே சேர்க்கும்போது பெருமையை மட்டும் சேர்த்துவிடுகிறோம். வழிகாட்டியில் அமெரிக்க அடிமை முறை வந்தால் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிறோம், நம் ஊர் என்றால் கோபுர உயரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுகளில், வரி விதிக்காத நிலங்களின் பட்டியலில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்களும் இருக்கின்றன. சின்னவனுக்கு, சிலரைத் தனியே குடியிருக்க வைத்தார்கள் என்ற அளவில் சொன்னேன். பெரியவளிடம் அந்தச் சொல்லையே எழுதிக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அதையும் ஓர் அட்டையில் எழுதி, 1010க்குப் பக்கத்திலேயே மாட்டினாள்.

கடைசியாகப் பரீட்சை. பள்ளிக்குப் போகாமலே பரீட்சை எழுத வழி தரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கே வரலாறு சமூக அறிவியலின் ஒரு பகுதியாக வருகிறது, பன்னிரண்டாம் வகுப்பில்தான் தனிப்பாடம். 13 வயதில் அந்தப் பாடத்திட்டத்தைத் திறந்து பதறுகிறவர்கள் நான்கு ஆண்டுச் சுற்றையே பாதியில் கைவிட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. பெரியவளுக்கு 12 வயது ஆனதும் அதன் பொருளடக்கத்தைப் பிரதி எடுத்து, முடித்தவற்றைப் பென்சிலால் டிக் அடித்தோம். பாதிக்கு மேல் ஏற்கெனவே முடிந்திருந்தது. மீதியை வழிகாட்டியின் கடைசி ஆண்டில் எந்தெந்த வாரத்தில் நுழைப்பது என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.